கீழே கையெழுத்திடும் உரிமையாளர்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
21.03.2024

அன்புள்ள மகன் லதீசனுக்கு,

நான் சுகம், இடது முழங்காலைத் தவிர. நீயும் துஷாந்தியும் பிள்ளை லக்சாயினியும் எப்படி என்று தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் ஓகே பெரியம்மா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் ஒரு பிரதி என் கோப்பில் இருக்கும். பிறகு யார் என்ன சொன்னது என்று தர்க்கப்பட வேண்டியதில்லை.

போன கிழமை அமெரிக்கத் தரகர் கம்பனியிலிருந்து என் பெயருக்கு ஒரு கடதாசி வந்தது. 2019 மார்கழியில் நீ இங்கே வந்து நின்றபோது, குசினி மேசையில் வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கித் தொடங்கினாயே, அந்தப் பங்குக் கணக்கு. "இது உங்கட பேரில, உங்களுக்குத்தான் பெரியம்மா" என்று சொன்னாய். நானும் அது பாட்டில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 2022இல் நீ அனுப்பிய இன்னொரு தாளிலும் கையெழுத்து வைத்தேன்.

இந்தக் கடதாசியில் என் பங்கிலாபம் 1,180 டொலர் என்றும் அதில் வரியாக 354 டொலர் பிடித்ததாகவும் இருக்கிறது. நூற்றுக்கு முப்பது. நான் இருபது வருடம் துறைமுகத்துக் கப்பல்களுக்கு மரக்கறியும் மீனும் கொடுத்தவள். முப்பது வீதம் கழிவு கேட்ட எந்தக் கப்பல்காரனுக்கும் நான் கூடை இறக்கியதில்லை. இதை ஏன் பிடித்தார்கள்? நீ கணக்குப் படித்தவன். விளக்கமாக எழுது.

வீட்டுக்காரர் குணரத்தினம் வெள்ளவத்தையில் இருந்து வந்து போனார். இந்த வீட்டை விற்கப் போகிறாராம். இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவள் என்பதால் முதலில் எனக்குச் சொல்கிறாராம். அடுத்த தைப்பொங்கல் வரை தவணை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

உடன் பதில் எழுதவும்.

பெரியம்மா,
பா. சிவபாக்கியம்

*

நியூ ஜேர்சி
12.05.2024

அன்புள்ள பெரியம்மா,

நாங்கள் எல்லோரும் நலம். முழங்காலுக்குத் தைலம் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

அந்த வரி அப்படித்தான். வெளிநாட்டவர்கள் என்றால் இங்கே பிடிப்பார்கள். நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். வருகிற கடதாசிகளை ஒரு பையில் போட்டு வைத்தால் போதும்.

வேண்டுமானால் குறைக்க ஒரு வழி இருக்கிறது. இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் மட்டும் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். மிச்சத்தை நான் நிரப்புகிறேன்.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
லதீசன்

*

திருகோணமலை
10.06.2024

அன்புள்ள மகன் லதீசனுக்கு,

உன் கடிதம் கண்டு சுகம் அறிந்தேன். இங்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றும்படி குறையில்லை.

வெறும் தாளில் நான் கையெழுத்து வைப்பதில்லை. கப்பலுக்குச் சாமான் ஏற்றிய காலத்தில், நான் கையெழுத்து வைத்த பட்டியலில் ஒரு கிலோ தக்காளி குறைந்தாலும் அது என் பொறுப்பு. 2019இலும் 2022இலும் உன்னை நம்பி வாசிக்காமல் வைத்தேன். அது என் பிழை. இந்த முறை அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்து படிவம் முழுவதையும் வாசித்தேன்.

வாசித்ததில் அறிந்தது இது. நமது நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி பற்றி ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி இங்கே வதிகிறவரின் பங்கிலாபத்தில் நூற்றுக்குப் பதினைந்துதான் பிடிக்கலாம். படிவத்தின் இரண்டாம் பகுதியில் அதைக் கேட்க வேண்டும். முப்பது பிடித்ததைப் பார்த்தால், முந்திய படிவங்களில் நீ அந்தப் பகுதியை வெறுமையாக விட்டிருக்கிறாய். ஒரு வருடத்தில் 177 டொலர் வீணாகப் போயிருக்கிறது. எனக்கு அது ஒன்றரை மாத வாடகை.

அதைக் கேட்பதற்கு இங்கத்தைய வரி இலக்கம் வேண்டும். எனவே வரிக் கந்தோருக்குப் போய் என்னைப் பதிந்தேன். இலக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே இருந்த அலுவலர் நல்ல ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, வெளிநாட்டுப் பங்கு எண்டு எழுதியிருக்கிறீங்கள். இங்கயிருந்து டொலர் எப்பிடி வெளியில போனது?"

"ஒரு சதமும் இங்கயிருந்து போகேல்ல. என்ட தங்கச்சிட மகன் அங்கயிருந்து என்ட பேரில போட்டவன்."

"அப்ப அது பரிசு. குடுத்தவரிட்ட ஒரு கடிதம் வாங்கி வையுங்கோ. நாளைக்கு யாரும் கேட்டா அதைத்தான் காட்ட வேணும்."

வரும் வழியில் மத்திய வீதியில் அபூதாஹிரின் கடையில் படிவத்தைப் பிரதி எடுத்தேன். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கடதாசியையும் வாசிக்காமல் இயந்திரத்தில் வைக்கமாட்டார்.

"என்ன அக்கா, எழுவத்துமூணு வயசில அமெரிக்காக்காரனோட வழக்குப் பேசப் போறீங்களா?"

"அவன் என்ட காசைக் கூடப் பிடிச்சா பேசத்தானே வேணும்."

"இவ்வளவு பங்கு இருக்கா உங்கட பேரில? அப்ப ஏன் வீட்டுக்காரர் விக்கிறார் எண்டு கவலைப்படுறீங்க? இதை வித்து அந்த வீட்டையே வாங்கலாமே."

"முதல்ல என்ட காசுதான் எண்டு எழுத்தில வரட்டும்."

ஆகவே எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பு. 2019 மார்கழியில் இந்தக் கணக்கில் போட்ட பணத்தைப் பெரியம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தேன் என்று. ஒரு வரிதான். கையெழுத்தும் திகதியும்.

படிவத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இந்த வருமானத்தின் உண்மையான உரிமையாளர் நானே என்று இருக்கிறது. பொய் என்றால் தண்டனை என்றும் இருக்கிறது. உன் வரி கிடைத்தால் மனச்சுத்தியோடு கையெழுத்து வைப்பேன்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

பெரியம்மா

*

நியூ ஜேர்சி
03.10.2024

அன்புள்ள பெரியம்மா,

நலமா? பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். லக்சாயினிக்குப் பள்ளிக்கூடம் மாற்றினோம். அவள் இப்போது வயலின் படிக்கிறாள். துஷாந்திக்கு வேலையில் பதவி உயர்வு. இங்கே இலைகள் நிறம் மாறிவிட்டன. படம் வைத்திருக்கிறேன்.

தைலமும் சொக்கிலேட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். கொழும்பிலிருந்து அனுப்புவார்.

வரிக் கந்தோருக்கு எல்லாம் ஏன் போனீர்கள்? 177 டொலர் போனால் போகட்டும். அந்தப் படிவத்தைக் கையெழுத்து வைத்து அனுப்பிவிடுங்கள், காரியம் முடிந்தது.

அன்புடன்,
லதீசன்

*

திருகோணமலை
24.10.2024

அன்புள்ள மகன் லதீசனுக்கு,

நலம். மழை தொடங்கிவிட்டது. சொக்கிலேட் உருகி ஒரே கட்டியாக வந்து சேர்ந்தது. கத்தியால் வெட்டி அயலில் றுக்கியாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். தைலம் நல்லது.

உன் கடிதத்தில் இலையின் நிறம் இருக்கிறது, வயலின் இருக்கிறது, நான் கேட்ட வரி இல்லை. நான்கு மாதம் பார்த்திருந்தேன். ஒவ்வொரு நாளும் தபால்காரர் கேற்றடியில் சைக்கிளை நிறுத்தும்போது எழுந்து போய், எழுந்து போய், இந்த முழங்கால் இன்னும் கெட்டதே அதனால்தான்.

படிவத்தை நானே நிரப்பினேன். பதினைந்து வீதம், உடன்படிக்கை, என் வரி இலக்கம் எல்லாம் எழுதினேன். கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? நீ 2019இல் வாயால் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டேன். நீ இல்லை என்று எழுதாத வரைக்கும் அதுதான் உண்மை. தரகருக்கு நேரே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டின் பிரதி இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் வாசித்தேன். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. உனக்கே தெரியாதோ என்னவோ. அமெரிக்கப் பிரசை அல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் அமெரிக்கப் பங்குகளை வைத்துக்கொண்டு செத்தால், அறுபதினாயிரம் டொலருக்கு மேற்பட்டதில் அவர்கள் மரணவரி கேட்பார்கள். நாற்பது வீதம் வரை போகும். அதுவும், அவர்களுடைய வரிக் கந்தோர் தடையில்லை என்று கடிதம் கொடுக்கும் வரை தரகர் ஒரு பங்கையும் யாருக்கும் கொடுக்கமாட்டார். இப்போது கணக்கில் எண்பதினாயிரத்துக்கு மேல் இருக்கிறது. எனக்கு எழுபத்துமூன்று வயது, இரத்த அழுத்தமும் இருக்கிறது. யோசித்துக்கொள்.

குணரத்தினம் நில அளவையாளரைக் கூட்டிவந்து அளந்தார். ஒன்பது பேர்ச் காணி. இரண்டு கோடி பத்து லட்சம் கேட்கிறார். வாங்குகிற எண்ணத்தில் கந்தளாயில் இருந்து ஒரு ஆள் வந்து குசினி ஓட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வரி.

பெரியம்மா

*

நியூ ஜேர்சி
04.11.2024

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது, உடனே எழுதுகிறேன். உடம்பு எப்படி? அழுத்தத்துக்குக் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா? டொக்டரிடம் கடைசியாக எப்போது போனீர்கள்? தயவுசெய்து தனியே பஸ்ஸில் திரிய வேண்டாம்.

நீங்கள் சொன்ன மரணவரி விடயம் சரிதான். இங்கே ஒருவரிடம் விசாரித்தேன். அதனால் எல்லாப் பங்குகளையும் இன்றே விற்றுவிட்டேன். கணினியில் நான்தானே பார்க்கிறேன். 81,640 டொலர். வெளிநாட்டவர் பெயரில் இருப்பதால் விற்ற இலாபத்துக்கு இங்கே வரி இல்லை. அதற்காகத்தான் உங்கள் பெயரில் வைத்தது.

ஒரு சிக்கல். கணக்குக்காரரின் சொந்த வங்கிக்குத்தான் அனுப்புவார்களாம். எனவே அங்கே உங்கள் டொலர் கணக்குக்கு வரும். வந்ததும் கொழும்பில் ஒரு நண்பரின் இலக்கம் தருகிறேன், அவருக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் இறக்கக்கண்டிக் காணியை விற்று என்னை அனுப்பியதை நான் மறக்கவில்லை. அதற்காக ஐந்து லட்சம் ரூபா நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
லதீசன்

*

திருகோணமலை
29.11.2024

லதீசனுக்கு,

சுகம். குளிசை போடுகிறேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக என் அழுத்தத்தைப் பற்றி விசாரித்திருக்கிறாய். கடிதம் பதினொரு நாளில் போய், பதில் அன்றைக்கே எழுதப்பட்டிருக்கிறது. சந்தோசம்.

ஐந்து லட்சம் பற்றி எழுதிய பந்தியோடு உன் கடிதத்தைக் கோப்பில் வைத்தேன்.

டொலர் வந்துவிட்டது. வங்கி அதைக் கணக்கில் போடாமல் வைத்திருக்கிறது. கூப்பிட்டார்கள், போனேன். சிவாஜினி என்று ஒரு பிள்ளை, பொறுமையானவள்.

"அம்மா, இது யாற்ற காசு?"

"என்ட பேரிலதானே வந்திருக்கு பிள்ளை."

"பேர் சரி அம்மா. உங்களுக்கு எப்பிடி வந்தது எண்டுதான் எங்களுக்கு வேணும். பென்சனா, சம்பளமா, காணி வித்ததா?"

"காணி வித்தது இருவத்துமூண்டு வருசத்துக்கு முந்தி. அது பிளேன் ரிக்கற்றாப் போயிட்டுது."

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள், "பரிசெண்டா, தந்தவர் எழுதின கடிதம் ஒண்டு கொண்டாங்கோ. அது வராமப் போட ஏலாது. கனநாள் போனா வந்த இடத்துக்கே திருப்பிவிடுவம்."

"நானும் அதைத்தான் ஆறு மாசமாக் கேக்கிறன் பிள்ளை. ஒரு வரி எழுதுறதுக்கு அங்க பேனை இல்லைப்போல."

இப்போது கேட்பது நான் மட்டும் இல்லை. வரிக் கந்தோர் கேட்டது, வங்கி கேட்கிறது. விற்ற இலாபத்துக்கு அமெரிக்காவில் வரி இல்லாமல் இருக்கலாம். நான் இங்கே வதிகிறவள். என் இலாபம் உலகத்தில் எங்கே வந்தாலும் இங்கே காட்ட வேண்டும். காட்டி, எவ்வளவு என்கிறார்களோ அவ்வளவு கட்டுவேன். உன் நண்பரின் இலக்கத்தை அனுப்பாதே.

குணரத்தினத்துக்குத் தைப்பொங்கல் வரைதான் பொறுமை.

பெரியம்மா

*

நியூ ஜேர்சி
20.12.2024

அன்புள்ள பெரியம்மா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

வங்கி கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 15.12.2019 என்று திகதி போட்டிருக்கிறேன், அப்போதுதான் அவர்களுக்குச் சரியாக இருக்கும். இப்போதைய திகதி போட்டால், பரிசை இங்கே வரிக் கந்தோருக்குக் காட்டும் படிவத்தை ஏன் ஐந்து வருடம் பிந்தினாய் என்று என்னைக் கேட்பார்கள். இது வங்கிக்கான ஒரு கடதாசி மட்டும்தான். நமக்குள் என்ன என்று நமக்குத் தெரியும்தானே. கொடுத்துக் காரியத்தை முடியுங்கள். மிச்சத்தை நேரில் கதைப்போம்.

லதீசன்

*

திருகோணமலை
06.01.2025

லதீசனுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

2019இல் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தில் என் விலாசத்துக்குக் கீழே, தரகர் கணக்கில் பார்த்து, என் வரி இலக்கத்தையும் எழுதியிருக்கிறாய். அந்த வரி இலக்கத்தை நான் எடுத்தது போன வருடம். இதைக் கொண்டுபோய் சிவாஜினி முன்னால் வைத்திருந்தால் என் மானம் என்ன ஆகியிருக்கும்? பொய் எழுதுவதென்றாலும் ஒரு தரம் வாசித்துப் பார்த்து எழுத வேண்டாமா?

"நமக்குள் என்ன என்று நமக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. எனக்கு நீ சொன்னது ஒன்றுதான் தெரியும். மூன்று படிவத்தில் நான் கையெழுத்து வைத்ததும் அதற்குத்தான்.

இரண்டு வழி தருகிறேன். கொடுத்தது பரிசு என்றால், இன்றைய திகதியைப் போட்டு அப்படி எழுது. உன் பக்கத்துப் படிவம் பிந்தினால் பிந்தட்டும், அது உன் பாடு. இல்லை, அது எப்போதும் உன் காசுதான், என் பெயர் மட்டும்தான் வேண்டியிருந்தது என்றால், அதையும் எழுது. அன்றைக்கே டொலரை வந்த வழியே திருப்பி அனுப்பச் சொல்கிறேன். நான் உரிமையாளர் என்று கொடுத்த படிவங்கள் பிழை என்று தரகருக்கும் எழுதுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்றாலும் கிடைக்கட்டும். குணரத்தினத்திடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்க்க எனக்கு ஒரு மாதம் போதும். அதற்காக நீ கவலைப்பட வேண்டாம்.

எதை எழுதினாலும் உன்மேல் எனக்கு இருக்கிறது இருக்கும். எழுதாமல் இருப்பதைத்தான் பொறுக்க ஏலாது.

குணரத்தினத்திடம் மாசி கடைசி வரை தவணை கேட்டேன். வாழ்நாளில் யாரிடமும் தவணை கேட்டவள் அல்ல நான்.

பா. சிவபாக்கியம்

*

நியூ ஜேர்சி
11.02.2025

2019 மார்கழி மாதம், திருகோணமலை, உட்துறைமுக வீதியில் வசிக்கும் என் பெரியம்மா பாலசிங்கம் சிவபாக்கியம் அவர்களின் பெயரில் உள்ள முதலீட்டுக் கணக்கில் நான் இட்ட பணம் முழுவதும் அவருக்கு நான் கொடுத்த பரிசு. அதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சி. லதீசன்

*

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
02.04.2025

அன்புள்ள மகன் லதீசனுக்கு,

நான் நலம். உன் கடிதம் மாசி இருபத்தைந்தில் கிடைத்தது. அதில் சுகம் விசாரிக்கவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். நான் விசாரிக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? துஷாந்தி சுகமா? பிள்ளை இப்போது வயலினில் ஏதாவது வாசிக்கிறாளா?

அந்தக் கடிதத்தை நீ எப்படி எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. நல்ல கையெழுத்து. அபூதாஹிர் மூன்று பிரதி எடுத்துத் தந்தார். வாசித்துவிட்டு அவரே உறையில் போட்டார். காசும் வாங்கவில்லை. அவர் காசு வாங்காமல் பிரதி எடுத்தது இதுதான் முதல் தடவை. சிவாஜினி அன்றைக்கே கணக்கில் போட்டாள்.

இனி, செய்தவற்றை எழுதுகிறேன். குணரத்தினத்துக்கு இரண்டு கோடி பத்து லட்சம் கொடுத்தேன். ஒரு லட்சமாவது குறையுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், குறைக்கவில்லை. இருபத்திரண்டு வருட வாடகையை ஒரு நாளும் பிந்தாமல் கொடுத்தவளுக்கு அவர் செய்த மரியாதை அவ்வளவுதான். முத்திரை வரியும் உறுதி எழுதும் நொத்தாரிசின் கூலியும் வேறு. பங்குனி பதினேழாம் திகதி வீட்டு உறுதி என் பெயரில் எழுதியாயிற்று. மிச்சத்தில் தொடமாட்டேன். இலாபத்துக்கு இங்கே எவ்வளவு வரி என்று கந்தோரில் கணக்குப் பார்க்கிறார்கள். அதைக் கட்டிய பிறகு ஏதாவது மிஞ்சினால் குசினி ஓடு மாற்றுவேன். கந்தளாய்க்காரன் தட்டியதில் இரண்டு வெடித்துவிட்டது.

நீ வேறு ஏதும் நினைத்திருந்தால் அதை எழுதுவதற்கு உனக்கு ஒரு வருடம் இருந்தது. நான் கேட்காத நாளில்லை. நீ எழுதியது இதுதான். எழுதியதை நான் நம்புகிறேன்.

மரணவரிக்கு இனிப் பயமில்லை. தரகர் கணக்கை மூடிவிட்டேன். இந்த வருடப் பங்கிலாபக் கடதாசியும் வந்தது. படிவம் அவர்கள் கையில் சேர்ந்த பிறகு, விற்பதற்குச் சற்று முன் வந்த பங்கிலாபத்தில் பதினைந்து வீதம்தான் பிடித்திருக்கிறார்கள்.

மார்கழி விடுமுறைக்கு நீங்கள் மூன்று பேரும் வருவதென்றால் முன்கூட்டி எழுது. விலாசம் மாறவில்லை. வீட்டுக்காரரின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

பெரியம்மா,
பா. சிவபாக்கியம்